விவாகம் இல்லை, வீடு உண்டு: பிரிவின்போது பாகம் எவருக்கு எவ்வளவு?

விவாகம் செய்துகொள்ளாமல் ஒரே இல்லத்தில் வாழ்ந்து, இருவர் பெயரிலும் ஒரு வீட்டைக் கிரயம் பெற்று, சில ஆண்டுகளுக்குப் பின் மனம் ஒவ்வாமல் பிரிய நேருகிறவர்கள், வீட்டின் பொருட்டு நீதிமன்றத்தை நாடும்போது முதலில் அறிந்துகொள்வது, அவர்களுடைய பிரிவின்போது வீட்டைப் பங்கிடுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் ஏதுமில்லை என்பதே. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சொத்தைப் பொறுத்தவரை, விவாக பந்தத்துக்கு உட்பட்டவர்களிடையே எழும் வழக்குகளையே அந்நீதிமன்றங்களின் அதிகாரத்தில் வைத்திருக்கிறது. ஆகவே இவர்கள் செல்ல வேண்டியது சாதாரண உரிமையியல் நீதிமன்றம். அங்கே இவர்கள் ஒரே சாசனத்தில் பெயர் பதிந்த இரண்டு கூட்டு உரிமையாளர்கள். சேர்ந்து ஒரு வயலை வாங்கிப் பின்னர் பிணங்கிக்கொண்ட இரு வியாபாரிகளுக்கு எந்த விதியோ அதே விதிதான் இவர்களுக்கும்.

அந்த மூல விதி 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில், 45-ஆம் பிரிவில் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான நிதியிலிருந்து கிரயத் தொகை கொடுக்கப்பட்டிருந்தால், அந்த நிதியில் எவருக்கு எவ்வளவு பாத்தியதையோ அவ்வளவே வீட்டிலும். தனித்தனிப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அவரவர் அளித்த தொகையின் விகிதப்படி. இவற்றுக்கு மாறாக ஓர் ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒப்பந்தப்படி. பாகத்தின் அளவுக்குச் சாட்சியமே இல்லையென்றால், சமபாகம் என்று அனுமானம். 140 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விதியின் தெளிவை நான் மதிக்கிறேன். ஆயினும் அது கிரயத் தொகையை மட்டுமே கணக்கில் கொள்கிறது என்பது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் விஷயத்தில், பெரிய குறை என்றே கருதுகிறேன்.

உதாரணமாக, 80 லட்ச ரூபாய் விலையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் 20 லட்சத்தை ஆண் கொடுக்க, மீதி 60 லட்சத்தை இருவரும் சேர்ந்து வங்கிக் கடனாகப் பெற்றார்கள் என்றும், மாதத் தவணை அவருடைய சம்பளக் கணக்கிலிருந்தே போக, மளிகை, மின்கட்டணம், குழந்தையின் பள்ளிச் செலவு, வயோதிகர்களின் வைத்தியம் ஆகிய அனைத்தையும் பெண் தம் சம்பளத்திலிருந்து ஏற்றுக்கொண்டார் என்றும் வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் கழித்துப் பிரியும்போது, ஆணின் கணக்குப் புத்தகத்தில் வரிக்கு வரி வீடு இருக்கும். பெண்ணின் கணக்குப் புத்தகத்தில், அவர் செலவழிக்காவிட்டால் அந்தத் தவணையே கட்டப்பட்டிருக்காது என்ற உண்மைக்கு ஓர் எழுத்துக்கூட இராது. கடனுக்குத் தாமும் பொறுப்பாளி ஆதலால், வங்கி கொடுத்த தொகையில் பாதி தம் பொறுப்பில் கொடுக்கப்பட்டதே என்று அவர் வாதிடலாம். அதைத் திருப்பிச் செலுத்தியவன் நானே என்று இவர் மறுக்கலாம். வியாஜ்யம் ஆண்டுக்கணக்கில் நீளுவது இத்தகைய இடத்தில்தான்.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை வேறு வழியில் தீர்க்கப்பட்டது. 1985-இல் இருவர் பெயரில் வீடு வாங்கி, 1993-இல் பிரிந்த ஒரு ஜோடியில், ஆண் வெளியேறிய பிறகு பெண்ணே கடனையும் பராமரிப்பையும் ஏற்று, இரண்டு குழந்தைகளையும் வளர்த்துவந்தார். பெயர் இருவருடையதாக இருந்தால் சமபாகம் என்பதே அங்கும் ஆரம்ப அனுமானம் என்றாலும், அவர்களுடைய நடத்தை முழுவதையும் சீர்தூக்கிப் பார்த்து அந்த அனுமானத்தை மாற்றலாம் என்று கொண்டு, 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூறும் ஆணுக்குப் பத்தும் என்ற பங்கீட்டை நிலைநாட்டியது. அத்தகைய விசால நோக்குக்கு நம் 45-ஆம் பிரிவின் வாசகத்தில் இடம் குறைவு.

இருவரும் சமாதானமாகப் பேசித் தீர்த்துக்கொண்டால், ஒருவர் தம் பாகத்தை மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடலாம். ஆனால் குடும்ப உறுப்பினர்களிடையே எழுதப்படும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் உள்ள தீர்வைச் சலுகை இவர்களுக்கு இல்லை. சட்டம் வரையறுக்கும் குடும்பத்தில் கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் உண்டு, விவாகமாகாத துணைவர் இல்லை. தொகை வாங்காமல் பாகத்தை விட்டுக்கொடுத்தாலோ, வருமான வரிச் சட்டத்தின் ‘உறவினர்’ பட்டியலிலும் இவர்கள் இடம்பெறாததால், பெற்றவர் மீது வரி விழக்கூடும். வங்கியோ இந்தப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. கடன் இருவர் பெயரில் இருக்கும்வரை, வீட்டை விட்டுக்கொடுத்தவரும் தவணைக்குப் பொறுப்பாளியே. ஆதலால் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பெற்று, கடனைத் தனிப் பெயருக்கு மாற்றிய பின்னரே கையொப்பம் இட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டவர்கள் நெடுங்காலம் துன்பப்படுகிறார்கள்.

சமாதானம் கூடாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான். முதல்நிலைத் தீர்ப்பாணையில் பாகத்தின் அளவு நிர்ணயமாகும். பிறகு ஆணையர் வந்து வீட்டைப் பார்ப்பார். இறுதித் தீர்ப்பாணை அதன்பின் வரும். இரண்டு படுக்கையறை வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்க இயலாது. அந்நிலையில் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், பாதிக்குக் குறையாத பாகமுடையவர் கோரினால், வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட ஆணையிடலாம் என்கிறது. அவ்வாறு ஒருவர் கோரியதும், அவருடைய பாகத்தை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமையை மற்றவருக்கு அளிக்கிறது. குழந்தையோடு அவ்வீட்டிலேயே தங்கியிருக்க விரும்புகிறவருக்கு இது அரிய பாதுகாப்பு. ஆயினும் இதை அறியாமலே பலர் வீட்டை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

வீட்டை விட்டு வெளியேறியவர், காலம் கடந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் மற்றவருக்காகவும் நடத்தப்படும் அனுபவமாகவே கருதப்படும். மற்றவரின் பாத்தியதையை வெளிப்படையாக மறுத்து, 12 ஆண்டுகள் அவ்வாறே அனுபவித்தாலன்றி, வெறும் காலதாமதத்தால் பாகம் போய்விடாது. தம் பங்குக்கு மேல் தவணை கட்டியவர், மற்றவரிடம் அவருடைய பங்கைக் கேட்கவும் ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது.

இவையெல்லாம் சாசனத்தில் இரண்டு பெயரும் இருக்கும்போது. பணம் கொடுத்தவர் ஒருவர், பெயர் மற்றவருடையது மட்டுமே என்றால், நிலைமை மிகவும் கடினம். 2016-இல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டம், கணவன் அல்லது மனைவி பெயரில் தம் வருவாயைக் கொண்டு வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. விவாகமாகாத துணைவருக்கு அந்த விலக்கு இல்லை. பினாமி என்று முடிவாகுமாயின், வீட்டை மீட்க வழக்கே தொடர முடியாது.

பெண்ணுக்கு மட்டும் வேறொரு துணை உண்டு. விவாகத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் காக்கிறது. அத்தகைய உறவுக்கான இலக்கணத்தை, இருவரும் விவாகத்துக்குரிய வயதும் தகுதியும் உடையவர்களாய், தம்பதிகளைப் போல உலகறியக் குறிப்பிடத்தக்க காலம் விரும்பி வாழ்ந்திருக்க வேண்டும் என்று, 2010-இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வன்முறைக்கு ஆளானவர், உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தங்கும் ஆணையை நீதித்துறை நடுவரிடம் கோரலாம். ஆனால் அது தங்கும் உரிமை மட்டுமே. பாகத்தை அது தராது.

ஆகவே, வீடு வாங்கும் நாளிலேயே, ‘இன்னாருக்கு இத்தனை பங்கு, இன்னாருக்கு இத்தனை பங்கு’ என்று கிரயப் பத்திரத்தின் உள்ளேயே எழுதச் செய்யுங்கள். அதுவே 45-ஆம் பிரிவு தேடும் ஒப்பந்தம். குடும்பச் செலவை ஏற்கும் ஒருவருடைய பணமும் வீட்டுக்கான பங்களிப்பாகவே கணக்கிடப்படும் என்று தனி ஒப்பந்தம் ஒன்றும், ஒருவர் விலகினால் மற்றவர் எந்த மதிப்பில், எத்தனை மாதங்களுக்குள் அவருடைய பாகத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் அதனோடு இருக்கட்டும்.