கூட்டமே மூலதனம்: இணைய விளையாட்டுச் சந்தையில் போட்டிக்கு உள்ள எல்லை

பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு கடை மூடப்பட்டால், அதன் வியாபாரம் வெகு சீக்கிரத்தில் அடுத்த கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில் வர்த்தகத்தின் இந்தச் சாதாரண நியதி செல்லுபடியாவதில்லை என்பதை நமது தேசம் அனுபவத்திலேயே கண்டுவிட்டது.

சீனாவுடன் எல்லைத் தகராறு மூண்டிருந்த 2020-ஆம் ஆண்டில், செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய சர்க்கார் தடை செய்த 118 செயலிகளுள், சீன நிறுவனமான டென்சென்ட் வெளியிட்டுவந்த பப்ஜி மொபைல் என்ற கைபேசி ஆட்டமும் ஒன்று. அது வகித்துவந்த தலைமை ஆசனம் காலியாகவே, சுதேசி ஆட்டம் என்ற கோஷத்தோடு 2021 குடியரசு தினத்தன்று ஃபௌஜி என்ற ஆட்டம் பிரவேசித்தது. விளம்பரத்துக்கும் தேசபக்திக்கும் குறைவில்லாதிருந்தும், தொடக்கத்தில் அது ஒருவர் தனித்து ஆடும் ஆட்டமாகவே இருந்தமையால், அந்த ஆசனத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதே ஆட்டத்தைக் கொணர்ந்து, பழைய கணக்கில் சேர்த்திருந்த ஸ்கின்கள் எனும் ஆட்ட அலங்காரங்களையும் இதர உடைமைகளையும் மாற்றிக்கொள்ள வசதி செய்தவுடன், கலைந்த கூட்டம் திரும்பிவந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் நேரக் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது.

காரணம் எளியது. நால்வர் ஒரு ஸ்குவாடாகச் சேர்ந்து, நூறு பேர் இறங்கும் களத்தில் ஆடுகையில், ஆட்டக்காரன் நாடுவது மென்பொருளை மட்டுமன்று, சக ஆட்டக்காரர்களையுமே. ஆள் குறைந்தால் காத்திருப்பு நீளும்; காத்திருப்பு நீண்டால் இருப்பவரும் விலகுவர். தவிரவும், ஒருவனுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு நேரம் சொற்பமாகையால், ஓர் ஆட்டத்தில் ஊன்றியவன் மற்றொன்றுக்குப் பொழுது ஒதுக்குவது துர்லபம். சோனி 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட கான்கார்ட் என்ற ஆட்டம், ஆளின்றி வாடி, செப்டம்பர் 6-ஆம் தேதியே மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது.

இந்நிலையைச் சட்டத்தால் மாற்ற முடியுமா? செயலிக் கடையான பிளே ஸ்டோரின் கட்டண முறைக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையத்தின் அதிகாரம், சந்தையின் வாசலைத் திறக்கவல்லது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பின்னர் அத்தொகையைக் குறைத்தபோதிலும், வாசல் நியாயமாக இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், திறந்த வாசல் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஆட்டக்காரன் தன் உடைமைகளோடும் நண்பர் பட்டியலோடும் ஓர் ஆட்டத்திலிருந்து மற்றோர் ஆட்டத்துக்குத் தடையின்றிப் பெயர வழி பிறக்கும்வரை, தடைச் சட்டமோ சுதேசி முழக்கமோ இத்துறையில் மெய்யான போட்டியை உண்டாக்கிவிடாது.