கதவு முதல் கஜா வரை! திருப்பும் விசையின் கதை

குட்டி விஞ்ஞானிகளே! இதைப் படிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. எழுந்து போய் வீட்டு வாசற்கதவை ஒரே ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். முதலில் தாழ்ப்பாள் இருக்கும் ஓரத்தில் தள்ளுங்கள். கதவு சுலபமாகத் திரும்பும். அடுத்து, கீலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தள்ளுங்கள். விரல் வலிக்கும், கதவோ நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும்! அதே கதவு, அதே விரல். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

கதவு என்றதும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள வேதாரண்யம் கோயில் நினைவுக்கு வருகிறது. அங்கே நெடுநாள் மூடிக்கிடந்த கதவு அப்பர் பாடியதும் திறந்தது, சம்பந்தர் பாடியதும் மூடிக்கொண்டது என்று பெரியபுராணம் சொல்கிறது. நமக்கு அப்படிப் பாடத் தெரியாது. அதனால் அறிவியலின் உதவியோடு திறப்போம்!

எவ்வளவு விசை? எங்கே விசை?

ஒரு பொருளை நேராக நகர்த்த வேண்டுமானால், எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று பார்த்தால் போதும். ஆனால், ஒரு பொருளைத் திருப்ப வேண்டுமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது எந்த இடத்தை மையமாகக் கொண்டு திரும்புகிறதோ, அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விசையைக் கொடுக்கிறோம் என்பதுதான் அது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குத் 'திருப்புத்திறன்' என்று பெயர். மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் 'டார்க்' என்று போட்டிருப்பார்களே, அதுவும் இதுதான். இதன் அலகு நியூட்டன் மீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் தாங்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை வேண்டும். கீலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி, அதே 10 நியூட்டன் விசையால் கதவைத் தள்ளுகிறீர்கள். திருப்புத்திறன் 10 × 0.8 = 8 நியூட்டன் மீட்டர். இதே 8 நியூட்டன் மீட்டரைக் கீலிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் பெற வேண்டுமானால் 80 நியூட்டன் விசை தேவை. அதாவது, 8 கிலோ பையைத் தாங்கும் விசை! விரல் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. தள்ளும் திசையும் சரியாக இருக்க வேண்டும். கதவின் ஓரத்தைப் பிடித்துக் கீலை நோக்கி எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கதவு திரும்பாது. செங்குத்தாகத் தள்ளினால்தான் முழுப் பலன். சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது கீழ் நோக்கி மிதித்தால் சைக்கிள் நகராததும், பெடல் படுக்கையாக இருக்கும்போது மிதித்தால் சர்ரென்று கிளம்புவதும் இதனால்தான்.

பாட்டி வீட்டுத் திருகையைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் கைப்பிடிக் குச்சி நடுவில் இல்லாமல் விளிம்பில் ஏன் இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்!

ஏற்றத்தில் நடந்த கணக்கு

பம்புசெட் வருவதற்கு முன்பு, கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஏற்றம் இருந்தது. ஒரு கம்பத்தின் மேல் நீளமான மரம் ஒன்று சீசா போல மேலும் கீழும் ஆடும். அதன் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால் தொங்கும். மரத்தின் மேல் ஏறி ஓர் ஆள் முன்னும் பின்னுமாக நடப்பார். சால் மேலே வரும், கீழே போகும். வெறும் நடைதான்! அதெப்படி?

தண்ணீரோடு சாலின் எடை 40 கிலோ, அது நடுத்தாங்கலில் இருந்து 3 மீட்டர் தூரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 × 3 = 120. ஏற்றம் மிதிப்பவரின் எடை 60 கிலோ. அவர் மறுபக்கத்தில் 2 மீட்டர் தூரத்தில் நின்றால் 60 × 2 = 120. இரண்டு பக்கமும் சமம்! அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், அவர் பக்கம் தாழும். சால் தண்ணீரோடு எழும்பும். நடுத்தாங்கலை நோக்கித் திரும்பி நடந்தால், சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். அவருடைய எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது தூரம் மட்டும்தான். கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு கணக்காக எழுதி வைத்த நெம்புகோல் விதியை, நம் ஊர் உழவர்கள் காலால் நடந்தே காட்டினார்கள்!

கடைமடைக்குத் தண்ணீர் வரும் வழி

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். கல்லணை வந்து, பல ஆறுகளாகப் பிரிந்து, கடைசியாகத் தண்ணீர் எட்டும் கடைமடைப் பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். வழி நெடுக மதகுகளும் ரெகுலேட்டர்களும் உண்டு. அவற்றின் இரும்பு ஷட்டர்களைத் தண்ணீர் பலமாக அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் அவை பள்ளத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் சில ஷட்டர்கள் அசையாது. ஆனால், கையால் சுற்றும் ஷட்டரை ஒரே ஒரு லஸ்கர் தனியாக நின்று உயர்த்திவிடுவார்!

ரகசியம், அவர் சுற்றும் நீண்ட கைப்பிடியில் இருக்கிறது. கைப்பிடி நீளமாக இருப்பதால் திருப்புத்திறன் கூடுகிறது. மரை போட்ட தண்டு அந்தத் திருப்பலை மேல் நோக்கிய பெரும் விசையாக மாற்றுகிறது. சும்மா கிடைத்த லாபமா இது? இல்லை. கைப்பிடியைப் பல சுற்று சுற்றினால்தான் ஷட்டர் கொஞ்சம் உயரும். குறைந்த விசையில் வேலை நடக்க வேண்டுமானால் கை அதிக தூரம் போக வேண்டும். இயற்கை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும்!

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ போடாமல் துருப்பிடித்துவிட்டால், கைப்பிடியின் பலம் முழுவதும் உராய்வோடு சண்டை போடுவதிலேயே போய்விடும். வெள்ளம் வரும் நேரத்தில் ஷட்டர் திறக்காவிட்டால் வயல் மூழ்கும். அதனால்தான் தண்ணீர் வருவதற்கு முன்பே ஷட்டர்களைப் பழுது பார்த்து வைக்க வேண்டும். (ஒரு எச்சரிக்கை: மதகுக் கைப்பிடி விளையாட்டுப் பொருள் அல்ல. தூர நின்றே பாருங்கள்!)

நெல் ஏன் குட்டையானது?

திருப்புத்திறன் எப்போதும் நமக்கு நண்பன் அல்ல. அந்தக் காலத்து நெட்டை நெல் ரகங்களில் பல, ஆள் மார்பளவு வளரும். உச்சியில் கனமான கதிர். காற்றடித்தால் கதிரைத் தள்ளும் விசை ஒரு பங்கு. அடித்தாள் வரைக்குமான உயரமோ ஒன்றரை மீட்டர். இரண்டையும் பெருக்கினால் வரும் திருப்புத்திறனைத் தாள் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டால் உழவருக்கு நஷ்டம். உரம் போட்டுக் கதிரைக் கனமாக்கினால் இன்னும் வேகமாகச் சாயும்!

1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஐ.ஆர். 8' ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் நெட்டை நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். உயரம் குறைந்தது, தாளும் உறுதியாக இருந்தது. கனத்த கதிரோடு நிமிர்ந்து நின்றது. பசுமைப் புரட்சியின் பின்னால் இந்தச் சின்னப் பெருக்கல் கணக்கும் ஒளிந்திருக்கிறது!

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. ஒரு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் போனால் மனசு என்ன பாடுபடும்!

இங்கேயும் அதே கணக்குதான். தென்னையின் மட்டைகளும் குலைகளும் உச்சியில் இருக்கின்றன. காற்று அங்கே 1,000 நியூட்டன் விசையால் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் மரத்தின் அடியில் திருப்புத்திறன் 5,000 நியூட்டன் மீட்டர். 15 மீட்டர் மரத்தின் அடியில் 15,000! இதை எதிர்த்து நிற்பது வேரும் மண்ணும்தான். மழையில் ஊறிய மண்ணின் பிடி தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

காற்றை நம்மால் நிறுத்த முடியாது. மரத்தின் உயரத்தையும் சட்டென்று குறைக்க முடியாது. ஆனால், காற்று பிடித்துத் தள்ளும் பரப்பைக் குறைக்கலாமே! புயல் எச்சரிக்கை வந்தால், முற்றிய அடிமட்டைகளை வெட்டி, காய்களையும் இளநீர்க் குலைகளையும் இறக்கிவிடுங்கள் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வது இதற்காகத்தான். வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் அப்படியே. எல்லா மரமும் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், தப்பிக்கும் வாய்ப்பு கூடும்.

செய்து பாருங்கள்!

30 சென்டிமீட்டர் ஸ்கேலின் நடுவில், 15 என்ற கோட்டுக்கு அடியில் ஒரு பென்சிலை வையுங்கள். ஒரே மாதிரியான மூன்று நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து இடப்பக்கம் 5 சென்டிமீட்டரில் இரண்டு நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். மூன்றாவது நாணயத்தை வலப்பக்கம் எங்கே வைத்தால் ஸ்கேல் சமமாக நிற்கும்? முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு வைத்துப் பாருங்கள். விடை: 10 சென்டிமீட்டர்.

சரியாக வந்ததா? சபாஷ்! ஏற்றத்தில் நடந்தவரும் ஷட்டரைச் சுற்றும் லஸ்கரும் போடும் கணக்கை நீங்களும் போட்டுவிட்டீர்கள்!