செயலி மூடினால் கட்டுரை என்னாகும்?

வார இதழில் வரும் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் வெகுகாலம் இருந்தது. இதழே நின்றுபோனாலும் கதை அலமாரியில் இருக்கும். இணையத்தில் அந்த வேலையைச் செய்பவை ‘பிறகு படிக்க’ செயலிகள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிவிட்டு மறந்துபோகும் கட்டுரைகளை இவை ஓரிடத்தில் சேர்த்து, விளம்பரம் நீக்கித் தருகின்றன. ஆனால் இங்கே அலமாரி நம்முடையதல்ல.

நேட் வீனர் 2007-இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்று தொடங்கிய செயலி, 2012-இல் ‘பாக்கெட்’ ஆனது. 2017-இல் அதை வாங்கிய மொசில்லா, 2025 ஜூலை 8-ஆம் தேதி சேவையை நிறுத்தியது. அதற்கு முன்பே 2024-இல் இதே வகைச் செயலியான ‘ஆம்னிவோர்’ எலெவன்லேப்ஸ் நிறுவனத்திடம் போனது. சில வாரங்களில் அதுவும் மூடப்பட்டது. எனவே புதிய செயலியைத் தேடுபவர் அழகையும் வசதியையும் பார்க்குமுன், நாளை இதுவும் மூடினால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பது நல்லது.

முகவரியா, எழுத்தா?

சேமி என்று தட்டியதும் செயலி அந்தப் பக்கத்திலிருந்து தலைப்பையும் எழுத்தையும் படத்தையும் மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கிறது. படிக்கும்போது முழுக் கட்டுரையும் நம்மிடம் இருப்பதாகவே தோன்றும். வெளியேறும்போதுதான் உண்மை தெரியும். பாக்கெட் பயனர்கள் எடுத்துச்சென்ற கோப்பில் தலைப்புகளும் இணைப்புகளும் இருந்தன. கட்டுரைகளின் எழுத்து இல்லை. மூலப் பக்கம் அழிந்திருந்தால் அந்த இணைப்பு, காலி செய்த கடையின் விலாசம்தான். 2013-இல் இருந்த பக்கங்களை மாதிரி எடுத்துப் பார்த்த பியூ ஆய்வு மையம், பத்தாண்டுக்குப் பின் அவற்றில் 38 சதவீதம் கிடைக்கவில்லை என்று 2024-இல் தெரிவித்தது.

யாருக்கு எது?

படித்துவிட்டு நகர்பவருக்கு ‘இன்ஸ்டாபேப்பர்’ போதும். 2008-இல் வந்த இது, பல கை மாறியும் நிலைத்திருக்கிறது. கோபோ மின்வாசிப்பான்களில் பாக்கெட் இருந்த இடத்துக்கும் இதுவே வந்திருக்கிறது. அடிக்கோடிட்டுக் குறிப்பெடுப்பவருக்கு ‘ரீட்வைஸ் ரீடர்’ பொருந்தும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். ஐபோனில் எப்போதாவது சேமிப்பவருக்கு சஃபாரியின் வாசிப்புப் பட்டியலே போதுமானது.

எழுத்தே கையில் இருக்க வேண்டும் என்பவருக்குத் திறமூலச் செயலியான ‘வாலபேக்’ உண்டு. சொந்த சர்வரில் நிறுவலாம். கட்டுரைகளை பிடிஎஃப் ஆகவோ மின்னூலாகவோ எடுக்கலாம். நிறுவக் கொஞ்சம் கணினிப் பழக்கம் வேண்டும். அது இல்லாதவர்கள் கட்டணம் செலுத்தி, வாலபேக் குழுவினர் நடத்தும் சேவையையே பயன்படுத்தலாம்.

பத்து நிமிடச் சோதனை

பணம் கட்டுமுன் மூன்று கட்டுரைகளைச் சேமியுங்கள்: ஒன்று தமிழில், ஒன்று படங்கள் நிறைந்தது, ஒன்று சந்தாதாரர்களுக்கு மட்டுமானது. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து சிதைகிறதா, சந்தாக் கட்டுரை முதல் பத்தியோடு நின்றுவிடுகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வரும் கோப்பைத் திறந்து பாருங்கள். வெறும் இணைப்புகள்தான் என்றால் செயலியைப் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு, இழக்கவே கூடாத கட்டுரையை அன்றே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பைண்டு செய்வது இன்னமும் நம் வேலைதான்.