உங்கட ஸ்டேஷன் மாறப் போகுதாம், உண்மையோ?

இந்த வார எபிசோடில் நேரம் காணாமல் விட்ட பகுதி இது.

ரொறன்ரோவில் நவம்பர் வந்தால் ரேடியோ வதந்திகளும் வரும். கிறிஸ்மஸ் பாட்டுக்கு மாறின ஸ்டேஷன், பண்டிகை முடிய பழைய பெயரிலேயே வருமா, புதுப் பெயரில் வருமா என்று ரேடியோ பைத்தியங்கள் (நானும் ஒருத்தன்) ஊகிக்கத் தொடங்குவோம். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுற மெசேஜ் வேறு: "எங்கட தமிழ் ரேடியோவை வேற பாஷைக்கு மாத்தப் போறாங்களாம்." அப்பா அதைக் காட்டி, "தம்பி, இது உண்மையே?" என்று கேட்பார்.

இரண்டும் ஒரே மாதிரி வதந்தியாகத்தான் தெரியும். ஆனால் முதலாவது ஒரே இரவில் நடக்கலாம். இரண்டாவது அப்படி நடக்கவே முடியாது. ஏன் என்று பார்ப்பம்.

ஒரு ஸ்டேஷனில் மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன: அலைவரிசை, பெயர், ஃபார்மட். ஸ்காபரோவில் வளர்ந்த பலருக்கு ஃப்ளோ 93.5 ஞாபகம் இருக்கும். 2001-ல் டென்ஹம் ஜாலி தொடங்கினது, கனடாவில் கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் வானொலி. பிறகு அது கைமாறிக்கொண்டே போனது. 2016-ல் பெயர் "தி மூவ்" ஆனது. 2020-ல் ஃப்ளோ திரும்பி வந்தது. 2022-ல் 93.5 வேறு பெயர் எடுத்துக்கொள்ள, ஃப்ளோ என்ற பெயர் 98.7-க்குக் குடிபோனது. 92.5-ம் அப்படித்தான்: 2003-ல் கிஸ் போய் ஜாக் வந்தது, 2009-ல் ஜாக் போய் கிஸ் வந்தது.

அலைவரிசை அரசாங்கம் தருகிற அனுமதி. பெயர் கம்பெனியின் சொத்து. ஃபார்மட், அதாவது என்ன பாட்டு, யாருக்கு என்பது, பெரும்பாலான வர்த்தக எஃப்எம் ஸ்டேஷன்களில் வெறும் வியாபார முடிவுதான். கனடாவில் வானொலியைக் கட்டுப்படுத்துகிற சிஆர்டிசி, பொப் போடுகிறீர்களா கன்ட்ரி போடுகிறீர்களா என்று கேட்பதில்லை. பொப், ரொக், கன்ட்ரி மாதிரியான இசையில் 35 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேணும், அவ்வளவுதான். ஆகவே முதலாளி வெள்ளிக்கிழமை முடிவெடுத்து திங்கட்கிழமை மாற்றலாம்.

முன்கூட்டி அறிவிக்கவும் மாட்டார்கள். விளம்பரக்காரர் பின்வாங்குவார்கள், போட்டி ஸ்டேஷன் அதே ஃபார்மட்டை முந்திக்கொண்டு எடுத்துவிடும், அறிவிப்பாளர்கள் ஒன்எயாரிலேயே விடைபெற்று அழுவார்கள். அதனால்தான் வெளியில் இருப்பவர்களுக்குத் துப்பறிகிற வேலை.

தடயங்கள் பெரும்பாலும் ஒலியில் இல்லை. புதுப் பெயருக்கு டொமைன் வாங்க வேணும், டிரேட்மார்க் விண்ணப்பம் போட வேணும். டிரேட்மார்க் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது. இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தால் அதுவும் யாரும் தேடக்கூடிய பதிவேட்டில் விழும். கார் ரேடியோ திரையில் ஓடுகிற ஸ்டேஷன் பெயரையும் கவனியுங்கள். அது ஆர்டிஎஸ் என்கிற டேட்டா, எட்டு எழுத்துத்தான் பிடிக்கும். ஆனால் என்னைக் கேட்டால் நம்பக்கூடிய தடயம் மனுசர்தான்: காலை நிகழ்ச்சி ஆட்கள் திடீரென்று காணாமல் போய், பாட்டு மட்டும் ஓடினால் ஏதோ நடக்குது.

சில ஸ்டேஷன்கள் மாறுவதையே கூத்தாக்கும். 2022 ஜூனில் வன்கூவரின் கிஸ் 104.9, ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின் குழுவின் "கில்லிங் இன் தி நேம்" பாட்டை ஒரு நாளுக்கு மேல் திருப்பித் திருப்பிப் போட்டது. வேலை போன அறிவிப்பாளர்களின் எதிர்ப்பு என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது புது ஃபார்மட்டுக்கான விளம்பரம்.

இனி அப்பாவின் மெசேஜ். தமிழ் ஒலிக்கிற 101.3-க்கு 2003-ல் கிடைத்தது பல்லின ஒலிபரப்புக்கான உரிமம். அதற்கு முன்னர் தமிழ் ரேடியோக்கள் எஃப்எம் அலையின் ஓரத்தில் ஒளிந்திருக்கிற துணை அலையில்தான் ஓடின. கேட்பதற்குத் தனி ரேடியோப் பெட்டி வேணும். குசினியில் அந்தப் பெட்டி இருந்த வீடுகள் கனக்க.

பல்லின உரிமத்தில் மொழி என்பது வியாபார முடிவு இல்லை, நிபந்தனை. 1999-ல் வந்த சிஆர்டிசி கொள்கையின்படி, நேரத்தில் 60 சதவீதம் பல்லின நிகழ்ச்சிகளாகவும், 50 சதவீதம் ஆங்கிலம், பிரெஞ்சு, பழங்குடி மொழிகள் அல்லாத மொழிகளிலும் இருக்க வேணும். வானொலிக்கு ஒரு வாரம் என்பது 126 மணித்தியாலம். ஆகவே பாதி என்றால் 63 மணித்தியாலம். அதற்கு மேல் எத்தனை சமூகம், எத்தனை மொழி என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிபந்தனைகள். அவற்றை மாற்ற விண்ணப்பம் போட வேணும், அது சிஆர்டிசி தளத்தில் வரும், வழக்கமாக 30 நாள் யாரும் கருத்து எழுதலாம். நீங்களும் எழுதலாம். விண்ணப்பமே இல்லாமல் "அடுத்த மாதம் பாஷை மாறுது" என்று மெசேஜ் வந்தால், தைரியமாக "ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள்.

ஆனால் இந்தக் காகிதம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. நட்டத்தில் ஓடுகிற ஸ்டேஷனைத் தொடர்ந்து நடத்து என்று யாரையும் அது கட்டாயப்படுத்தாது. 2023-ல் பெல் ஒரே நாளில் ஆறு ஏஎம் ஸ்டேஷன்களை மூடியது. 2024 ஓகஸ்ட்டில் ஹமில்டனின் சிஎச்எம்எல் 900 நின்றது. எங்கட பக்கம் இன்னொரு சிக்கல்: பல்மொழி நிலையங்கள் பல, நேரத்தைத் துண்டு துண்டாகத் தயாரிப்பாளர்களுக்கு விற்கின்றன. விளம்பரம் குறைந்தால் தமிழ்த் தயாரிப்பாளர் மாலை நேரத்தை விட்டுவிட்டு நடுச்சாமத்துக்குப் போகலாம், அல்லது நேரமே எடுக்காமல் விடலாம். அந்த இடத்தில் வேறொரு மொழி வந்தாலும் நிலையத்தின் மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். விண்ணப்பமும் இல்லை, அறிவித்தலும் இல்லை.

அதனால் நான் வதந்தியைவிட நிகழ்ச்சி நிரலைத்தான் பார்க்கிறேன். உங்கட ஊர் ரேடியோவின் இந்த மாத நிரலை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டு, தமிழ் மணித்தியாலம் கூடியதா குறைந்ததா என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள். லண்டன், சிட்னி ஆட்களும் அனுப்பலாம். அங்கே சட்டம் வேறு, அதைத் தனியாகக் கதைப்பம்.