நல்லதற்கு மட்டும் என்று ஒரு வரி

ஜேசன் (JSON) தரவு வடிவத்தை அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், தன் நிரல்களுக்கான உரிமத்தில் ஒரு வரி சேர்த்தார்: இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது. மற்றபடி அது தாராளமான எம்ஐடி உரிமத்தின் வாசகம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்காகவே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் டெபியன் இயங்குதளத் திட்டமும் அந்த உரிமத்தை ஒதுக்கின. 2016இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையும் தன் திட்டங்களில் அதற்குத் தடை போட்டது.

நல்லதைச் செய் என்பதில் என்ன குற்றம்? கசாப்புக் கடைக்காரர் ஒருவர் அந்த நிரலைக் கொண்டு கணக்கு எழுதினால் அது நல்லதா, தீயதா? ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதிலை நம்பி யாரும் மென்பொருள் கட்ட முடியாது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் இலக்கணப்படி, கட்டற்ற மென்பொருள் நான்கு சுதந்திரங்களைத் தர வேண்டும்: எந்த நோக்கத்திற்கும் இயக்குவது, மூல நிரலைப் படித்து மாற்றுவது, படியெடுத்துப் பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது. 1998இல் உருவான திறந்த மூல வரையறையில் பத்து விதிகள். ஆளைப் பார்த்தோ தொழிலைப் பார்த்தோ விலக்கக் கூடாது என்பது அவற்றில் ஐந்தாவதும் ஆறாவதும். எனவே காசு வாங்காததாலோ மூல நிரலைக் காட்டுவதாலோ மட்டும் ஒரு மென்பொருள் தேறிவிடாது. ‘வணிகத்திற்கு அல்ல’ என்ற உரிமமும் தோற்றுவிடும்.

நிபந்தனையே கூடாது என்பதில்லை. மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் கொடு என்கிறது ஜிபிஎல் உரிமம். பெற்றவருக்குக் கிடைத்த சுதந்திரம் அடுத்தவருக்கும் போய்ச் சேர்வதற்கான நிபந்தனை அது. ஆனால் செய்த மாற்றத்தையெல்லாம் ஆசிரியருக்கு அனுப்பு என்றால்? டெபியன்காரர்கள் இதற்கு ஒரு தீவைக் கற்பனை செய்வார்கள். கணினியோடு ஒருவர் கரை ஒதுங்கிவிட்டார். தபாலும் இல்லை, இணையமும் இல்லை. அங்கே பக்கத்தில் இருப்பவருக்குத் தன் திருத்தத்தைக் கொடுத்தாலே உரிமத்தை மீறியவர் ஆகிறார் என்றால், அது கட்டற்றதல்ல.

நிபந்தனை சிக்கலான இன்னொரு இடம்: மோங்கோடிபி நிறுவனம் 2018இல் தன் தரவுத்தளத்துக்குப் புது உரிமம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தத் தரவுத்தளத்தைச் சேவையாக விற்பவர், சேவையை நடத்தும் தன் மற்ற மென்பொருள்களின் மூலத்தையும் வெளியிட வேண்டும் என்றது. திறந்த மூல வரையறையைப் பேணும் திறந்த மூல முனைப்பு என்ற அமைப்பின் ஒப்புதலுக்கு அனுப்பி, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டே அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அறிமுகமில்லாத உரிமம் கைக்கு வந்தால், திறந்த மூல முனைப்பு ஒப்புதல் அளித்த உரிமங்களின் பட்டியலில் அதன் பெயரை முதலில் தேடலாம். இல்லையென்றால் ‘மட்டும்’, ‘தவிர’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பார்க்கலாம். கிராக்ஃபோர்டின் வரி சிக்கியதும் அங்கேதான்.