கால்வெஸ்டன் மகளிர் சுகாதாரப் பாதுகாப்புச் சங்கம்

கால்வெஸ்டன் மகளிர் சுகாதாரப் பாதுகாப்புச் சங்கம் (விமன்ஸ் ஹெல்த் புரொடெக்டிவ் அசோசியேஷன்) என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவில் உள்ள தீவு நகரமான கால்வெஸ்டனில் 1901 மார்ச் மாதம் 66 பெண்கள் கூடித் தொடங்கிய தன்னார்வ அமைப்பாகும். புயலில் இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்வது இதன் முதற்பணி. பின்னர் மரம் நடுதல், பால் மற்றும் உணவுக் கடைகளின் தூய்மை, பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம், விளையாட்டிடங்கள் எனப் பணிகள் விரிந்தன. 1920களில் மகளிர் குடிமைக் கழகம் என்று பெயர் மாறியது. சங்கத்தின் முக்கியமான பணிகள் பெரும்பாலும் அதன் உறுப்பினர்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் நடந்தவை.

1900ஆம் ஆண்டுப் புயல்

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 37,789. பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம் அது. ஆனால் தீவின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்குள்தான். 1900 செப்டம்பர் 8 அன்று வீசிய புயலில் கடல் 15 அடிக்கு மேல் எழும்பி ஊருக்குள் புகுந்தது. இறந்தோர் குறைந்தது 6,000 பேர். 8,000 என்றும் அதற்கு மேலும் சொல்வார்கள். உயிரிழப்பில் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய இயற்கைப் பேரழிவு இன்றும் இதுதான்.

இறந்தவர்களை என்ன செய்வது என்பதே ஊரின் முதல் கேள்வியாயிற்று. உடல்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் இறக்கினார்கள். அலை அவற்றைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. பிறகு இடிபாட்டு மரங்களை அடுக்கி, கிடைத்த இடத்திலேயே எரித்தார்கள். பல உடல்கள் கண்டெடுத்த இடத்திலேயே ஆழமின்றிப் புதைக்கப்பட்டன. இந்த வேலைக்குக் கறுப்பின ஆண்கள் துப்பாக்கி முனையில் இழுத்துவரப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் தமது 78ஆம் வயதில் கால்வெஸ்டனுக்கு வந்து நிவாரணப் பணியை நடத்தினார். அவர் நேரில் நின்று நடத்திய கடைசிப் பெரும் பணி இது. வட்டாரந்தோறும் அமைந்த நிவாரண நிலையங்களில் உள்ளூர்ப் பெண்கள் உடைகளைப் பகிர்ந்தளித்தார்கள், பெயர்ப் பட்டியல்கள் தயாரித்தார்கள், கணக்கு வைத்தார்கள். அதுவரை தேவாலயக் குழுக்களிலும் அனாதை இல்ல நிர்வாகத்திலும் மட்டுமே பழகியிருந்தவர்களுக்கு ஊர் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் அமைந்தது. சில மாதங்களில் சங்கம் தொடங்கியவர்களில் பலர் இவர்களே.

தொடக்கம்

சங்கத்தின் பெயர் புதியதன்று. நியூயார்க்கில் 1884இலேயே, குடியிருப்புகளின் நடுவே மலைபோல் குவிந்திருந்த எருக்குவியலை எதிர்த்து, இதே போன்ற பெயரில் பெண்கள் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். கால்வெஸ்டன் பெண்கள் கையில் எடுத்த முதற்காரியம் அதைவிடக் கடினமானது. அவசரத்தில் புதைக்கப்பட்டவர்களின் எச்சங்களை எடுத்து முறையாக மறு அடக்கம் செய்வதை அவர்கள் பொறுப்பேற்றார்கள். மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் பொதுவில் பேசவே தயங்கிய காலம் அது. 'சுகாதாரம்' என்ற சொல் அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது என்பது என் கருத்து. அரசியல் பேசினால் எதிர்ப்பு வரும். தூய்மை பேசினால் யார் மறுப்பார்கள்?

அதே 1901இல் நகர நிர்வாகமும் மாறியது. பழைய நகர்மன்றம் போய், ஆளுக்கொரு துறையைப் பொறுப்பேற்கும் ஆணையர் குழு வந்தது. பின்னர் அமெரிக்காவின் பல நகரங்கள் பின்பற்றிய முறை இது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் பெருவணிகர்கள். பெண்கள் ஒருவரும் இல்லை.

தரை உயர்வும் மரங்களும்

சங்கத்தின் பெயரை நிலைநிறுத்திய பணி மரம் நடுதல். அதன் காரணம் விளங்க, ஊரைக் காப்பாற்றிய பொறியியலைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1902இல் தொடங்கி 1904இல் 17 அடி உயரக் கடல்தடுப்புச் சுவர் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. சுவர் மட்டும் போதாது, ஊரின் தரையையே உயர்த்த வேண்டும் என்று முடிவாயிற்று. 1903 முதல் 1911 வரை சுமார் 500 தெருக்கட்டங்கள் உயர்த்தப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு பகுதியைச் சுற்றி மண்ணணை போட்டு, கடலடி மணலை நீரோடு கலந்து குழாய் வழியாக உள்ளே பாய்ச்சுவார்கள். நீர் வடிந்ததும் மணல் தங்கிவிடும். இது முடியும்வரை மக்கள் உயரமான பலகைப் பாதைகளில் நடந்தார்கள். தம் வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது.

ஊர் உயர்ந்தது, பச்சை அழிந்தது. புயலில் புகுந்த கடல்நீருக்குத் தப்பிய மரங்களும் இந்த உப்பு மணலுக்கடியில் புதைந்து செத்தன. எங்கு பார்த்தாலும் சாம்பல் நிற மணல்தான். ஆணையர் குழுவுக்குக் கடனும் சுவரும் போக மிஞ்சிய பணம் குறைவு. இந்த இடைவெளியில்தான் சங்கம் நுழைந்தது. குதிரைக் காட்சிகள் நடத்தி நுழைவுக் கட்டணம் திரட்டியது. மரநடுவிழா நாள்கள் ஏற்பாடு செய்தது. 1912க்குள் ஏறத்தாழ 10,000 மரங்களும் 2,500 அரளிச் செடிகளும் நடப்பட்டன. ஊரின் முதன்மைச் சாலையான பிராட்வேயின் நடுப்பகுதியில் ஓக் மரங்கள் நிழல் தரத் தொடங்கின.

அரளியைத் தேர்ந்தது தற்செயலன்று. 1841இல் ஜமைக்காவிலிருந்து ஒரு வணிகர் கொண்டுவந்த செடி கால்வெஸ்டனில் வேரூன்றி, 'அரளி நகரம்' என்ற பெயரையே அந்த ஊருக்குத் தந்திருந்தது. உப்புக்காற்றையும் வறண்ட மணலையும் அது தாங்கும். நம் நெடுஞ்சாலைகளின் நடுவிலும் ஆடு மாடு கடிக்காது என்று அரளியைத்தானே நடுகிறார்கள்.

பாலும் கொசுவும் பள்ளியும்

மரங்களைவிடக் கடினமான போராட்டம் பாலுக்கானது. குளிர்சாதன வசதியின்றி வெயிலில் வந்து சேரும் பாலால் கோடையில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறப்பது அன்றைய அமெரிக்க நகரங்களில் வழக்கமாயிருந்தது. காசநோய் தாக்கிய மாடுகளின் பால் வேறு. சங்கத்தினர் பால்பண்ணை, அடுமனை, மளிகைக்கடை, உணவகம் ஆகியவற்றை ஒழுங்காக ஆய்வு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினர். 1867இல் மஞ்சள் காய்ச்சலால் பெரும் சாவு கண்ட ஊரில் கொசுவும் ஈயும் பெருகும் இடங்களை ஒழிக்கவும் பாடுபட்டனர். பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை, சூடான மதிய உணவு, குழந்தை நல நிலையம், காசநோய் நிலையம் ஆகியவையும் அவர்களின் முயற்சிகளுள் அடங்கும். மதிய உணவை இங்கே ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பசித்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நகரமும் ஒரு வீடு, அதைத் துப்புரவாக வைப்பது இல்லத்தரசிகளின் வேலை என்பதே அன்றைய பெண்கள் அமைப்புகள் பொதுவாக முன்வைத்த வாதம். கேட்க இனிமையான வாதம்தான். வாசல் திறக்க உதவியது. ஆனால் வாக்கில்லாதவர் மனுக் கொடுக்கலாமே தவிர, மறுக்கும் ஆணையரைப் பதவியிறக்க முடியாது. இந்த வரம்பைப் பலர் அனுபவத்தில் உணர்ந்தார்கள்.

1912இல் கால்வெஸ்டன் சமவாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது, சுகாதாரப் பணியில் பழகிய பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். இரண்டிலும் உழைத்தவருள் மின்னி ஃபிஷர் கன்னிங்காம் குறிப்பிடத்தக்கவர். 1901இல் கால்வெஸ்டன் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பட்டம் பெற்ற அவர், படிக்காத ஆண் ஊழியர்களைவிடக் குறைந்த சம்பளம் தமக்குத் தரப்பட்டதால் வாக்குரிமைப் பக்கம் திரும்பியவர். 1915இல் மாநில வாக்குரிமைச் சங்கத்தின் தலைவரானார். 1918இல் டெக்சாஸ் பெண்கள் கட்சிகளின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1919 ஜூனில், நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தென் மாநிலங்களில் முதலாவதாக டெக்சாஸ் ஏற்றது.

சங்கத்துக்கு வெளியே இருந்தவர்கள்

இது வெள்ளையர் பெண்களின் சங்கம். அடிமை விடுதலை ஆணை 1865 ஜூன் 19 அன்று வாசிக்கப்பட்ட ஊர் கால்வெஸ்டன். இன்று அமெரிக்கா முழுவதும் கொண்டாடப்படும் ஜூன்டீன்த் விடுமுறை அங்கிருந்து பிறந்தது. ஆயினும் நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்த கறுப்பின மக்களின் பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. அவர்கள் தங்கள் தேவாலயங்கள் வழியாகத் தனியே உதவிப்பணி செய்தார்கள். 1901இன் ஆணையர் முறையும், மறு ஆண்டு வந்த தேர்தல் வரியும் கறுப்பின ஆண்களை நகர நிர்வாகத்திலிருந்து விலக்கின. சங்கம் வளர்ந்ததும் அவர்கள் ஒதுக்கப்பட்டதும் ஒரே பத்தாண்டில் நடந்தவை. எலிசபெத் ஹேய்ஸ் டர்னர் 1997இல் வெளியிட்ட கால்வெஸ்டன் பெண்கள் பற்றிய நூல் இந்த இரு பக்கத்தையும் சேர்த்துப் பேசுகிறது.

ஐக் புயலுக்குப் பின்

2008 செப்டம்பர் 13 அன்று ஐக் புயல் தீவைத் தாக்கியது. வடியாமல் நின்ற உப்புநீரில் சுமார் 40,000 மரங்கள் பட்டுப்போயின. நூறாண்டுக்கு முன் நடப்பட்ட பிராட்வே ஓக் மரங்களில் பலவும் அவற்றுள் அடக்கம். வெட்டிய மரங்களின் அடிகளைச் சிலர் வேரோடு பிடுங்காமல் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். நாய், கொக்கு, தேவதை என்று செதுக்கப்பட்ட அந்த அடிமரங்களைக் கால்வெஸ்டனின் வீட்டு முற்றங்களில் இன்றும் காணலாம். மரங்களை மீண்டும் நடும் வேலையையும் தன்னார்வலர்களே ஏற்று நடத்திவருகிறார்கள்.