இறாலுக்கு மருந்து நம் வரப்பில்!

சங்கரன்கோவில் பூக்கடைகளில் பிள்ளையாருக்காகக் கட்டி வைத்திருக்கும் அருகம்புல்லுக்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள தூத்துக்குடிக் கடற்கரை இறால் பண்ணைகளில் என்ன வேலை? வேலை இருக்கிறது என்கிறது ஆய்வு. அதுவும் நம் தென்மாவட்டத்தில் நடந்த ஆய்வு.

இறால் வளர்ப்பவர்களின் வயிற்றைக் கலக்குவது வெள்ளைப்புள்ளி வைரஸ். தொற்றிவிட்டால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குட்டையே காலியாகிவிடும். 1990களின் நடுவில் நம் கடலோரத்தில் அது எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆன்டிபயாடிக் வைரஸிடம் செல்லாது. ஏற்றுமதிச் சரக்கில் தடை செய்த மருந்தின் எச்சம் தெரிந்தால், சரக்கும் திரும்பிவிடும். நமக்கு உள்ளதுபோல நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் ஆன்டிபாடி இறாலின் உடம்பில் உருவாகாது. அதனால் நாம் போட்டுக்கொள்வது போன்ற தடுப்பூசிக்கும் வழியில்லை.

இந்த நிலையில்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையத்தினர் மூலிகை பக்கம் திரும்பினார்கள். அருகம்புல், வில்வம், சீந்தில், கரிசலாங்கண்ணி, இமயமலைச் சரக்கான கடுகுரோகிணி ஆகிய ஐந்தின் சாற்றையும் தீவனத்தில் கலந்து புலி இறாலுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது, சாறு சேராத தீவனம் தின்றவற்றைவிட மூலிகை தின்றவை கூடுதலாகப் பிழைத்தன. ஆய்வு 2006இல் வெளியானது. அடுத்த ஆண்டே வேலூர் அருகே மேல்விஷாரம் கல்லூரி ஆய்வுக்கூடம் இருபது மூலிகைகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. அங்கேயும் முன்னால் வந்து நின்றது அருகம்புல்தான்!

நோயற்ற குஞ்சு, வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை, சுத்தமான தண்ணீர் இருந்தால் போதாதா, ஆய்வுத் தொட்டியில் பலித்தது குட்டையில் பலிக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். குஞ்சு சுத்தமாக வந்தாலும், பக்கத்துக் குட்டையிலிருந்து நண்டு ஏறி வந்தால் நோயும் கூடவே வரும். இறாலின் உடம்பைத் தெம்பாக வைக்கும் தீவனம் வேண்டாம் என்று எந்தப் பண்ணைக்காரரும் சொல்லமாட்டார்.

என் கவலை வேறு. அந்த அருகு எந்த வரப்பிலிருந்து வரப்போகிறது?

சங்கரன்கோவில் கரிசலில் இன்று பருத்தியும் மக்காச்சோளமும்தான் கண்ணில் படுகின்றன. 2018இல் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது கூடிப்போனது. பருத்திக்கோ காலங்காலமாக அடிக்கிறோம். களை எடுக்க ஆள் கிடைக்காததால், கோரையும் அருகும் மண்டிய இடத்தில் களைக்கொல்லி இறங்குகிறது. காற்றடித்தால் அத்தனையும் வரப்புப் புல்லில் படியும். பூச்சியும் இறாலும் உறவுமுறை. இரண்டுமே கணுக்காலிகள். பருத்திக்கு அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். மருந்து படிந்த புல்லைக் காய்ச்சிச் சாறெடுத்துத் தீவனத்தில் கலந்தால், வைரஸ் வருவதற்கு முன் நாமே இறாலைக் கொன்றவர்கள் ஆவோம். பழி மூலிகை மேல் விழும்.

மூலிகை வியாபாரம் நமக்குப் புதிதல்ல. மானாவாரியில் விளையும் நெல்லைச் சீமையின் நிலாவாரை இலை, ஊர்ப் பெயரோடு தூத்துக்குடியிலிருந்து உலகத்துக்கே கப்பலேறியது. அருகம்புல்லுக்கும் அப்படி ஒரு காலம் வரலாம். மழையை நம்பிக் கிடக்கும் சம்சாரிக்கு, புல்லும் காசாகும் என்பது சின்ன விஷயமில்லை.

ஆகவே, தீவனத்தில் மூலிகை சேர்ப்பவர்கள் ஒவ்வொரு மூட்டைப் புல்லையும் பூச்சிமருந்து எச்சச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். பொட்டலத்தில் வெறுமனே ‘மூலிகை’ என்று அச்சடிக்காமல், எந்தச் செடி, எவ்வளவு, எங்கே பறித்தது என்று எழுத வேண்டும். சம்சாரிகளே, காட்டின் ஒரு ஓரத்தையாவது மருந்து படாமல் விட்டுவையுங்கள். அங்கே முளைக்கும் அருகுக்கு நாளை விலை கேட்டு ஆள் வரும்.